பின்னறை நகல்

ஒயர்காரர் என்ற பெயரை வைத்தது அவருடைய மச்சினி. அக்காவின் புது வீட்டைப் பார்க்க வந்தவள், வாசற்கதவிலிருந்து பின்னறை வரை சுவரோரமாகச் சாம்பல் நிறக் கேபிள் ஓடுவதைப் பார்த்துவிட்டு, “அத்தான், நீங்க அக்காவைக் கட்டிக்கிட்டீங்களா, இந்த ஒயரைக் கட்டிக்கிட்டீங்களா?” என்று கேட்டாள். அன்றிலிருந்து சொந்தத்தில் எல்லோருக்கும் அவர் ஒயர்காரர்தான்.

அவருக்கும் அதில் வருத்தம் இல்லை. இருபத்திரண்டு வருஷம் அலுவலகங்களுக்கு நெட்வொர்க் கேபிள் இழுத்தவர். எட்டு நிறக் கம்பிகளையும் கண்ணால் ஒருமுறை பார்த்தால் போதும், பிறகு பேசிக்கொண்டே வரிசைப்படுத்தி முனையை இறுக்கிவிடுவார். வைஃபையை நம்பமாட்டார். காற்றில் வருவதைக் காற்றே கொண்டுபோய்விடும் என்பார். அதனால் வீட்டில் அறைக்கு ஒரு சாக்கெட். சமையலறையில்கூட ஒன்று உண்டு, அதில் இதுவரை யாரும் எதையும் செருகியதில்லை.

கோபம் மட்டும் மூக்குநுனியில் இருக்கும். எங்கே எது நின்றாலும் முதலில் எதிரில் இருப்பவரைத்தான் முறைப்பார். “கம்பி பொய் சொல்லாது. மனுஷன்தான் சொல்லுவான்” என்பது அவருடைய வேதவாக்கு. அது உண்மைதான் என்பதை அவரே ஒருநாள் நிரூபித்துக் காட்டப்போகிறார் என்று அப்போது அவருக்குத் தெரியாது.

ஐம்பத்தொன்றாவது வயதில் கம்பெனி அவரை வீட்டுக்கு அனுப்பியது. கேபிள் வேலையை வெளியாட்களிடம் கொடுத்துவிட்டார்களாம். வேலை இல்லாத ஆம்பளை வீட்டில் இடம் மாற்றிப்போட்ட நாற்காலி மாதிரி, போகிற வருகிறவர்கள் காலில் எல்லாம் இடிப்பார். அவரும் இடித்தார். மனைவி காலையில் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு தன் பாட்டுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

அவளுக்குப் பதிவு கவுன்டரில் வேலை. கண்ணாடித் தடுப்பில் கையளவு ஓட்டை. அதன் வழியாக நாள் முழுக்கப் பேரு, வயசு, என்ன உடம்புக்கு என்று கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்யவேண்டும். வலி தாங்காதவர்களின் கோபமெல்லாம் அந்த ஓட்டை வழியாகத்தான் உள்ளே வரும். சாயங்காலம் வந்ததும் வலது மணிக்கட்டை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

கவுன்டர் கம்ப்யூட்டர் நின்றுபோனால் மற்றவர்கள், “ஓடலைங்க, வந்து பாருங்க” என்று நான்காவது மாடியிலிருக்கும் கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் செய்வார்கள். இவள் அப்படிச் செய்யமாட்டாள். பக்கத்து மெஷினில் ஓடுகிறதா, பிரிண்டருக்குப் போகிறதா, எப்போதிலிருந்து என்று தானே பார்த்து வைத்துக்கொண்டுதான் போன் எடுப்பாள். நான்காவது மாடிப் பொறுப்பாளர் ஒருநாள் கீழே இறங்கி வந்து, “எங்க ஆளுங்களைவிட நீங்க தெளிவா சொல்றீங்கம்மா. மேல ஒரு இடம் காலியாகுது, பரீட்சை வைக்கப்போறோம், எழுதுங்களேன்” என்றார். நாற்பத்தைந்து வயதுவரை மனுப் போடலாம். அவளுக்கு நாற்பத்தைந்து முடிய நான்கு மாதம் பாக்கி. விட்டால் இன்னொரு வாய்ப்பு கிடையாது.

முதல் மாதம் ஒயர்காரர்தான் வாத்தியார். திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்தார். அவளும் வாங்கிக்கட்டிக்கொண்டு கற்றாள். இரண்டாம் மாதம் பாடம் அவருக்குத் தெரியாத இடத்துக்குப் போனது. அவர் காலத்தில் ஒரு பெட்டி என்றால் ஒரு கம்ப்யூட்டர். இப்போதோ ஒரு கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டரை வெறும் கோப்புகளாகவே செய்து ஓட விடுகிறார்கள். விர்ச்சுவல் மெஷின் என்று பேர். தொட்டுப் பார்க்க அதில் ஒன்றுமில்லை. ஆனால் நெட்வொர்க்குக்கு அது தனி ஆள். அதற்கென்று தனி அடையாள எண் உண்டு, ரூட்டர் அதைப் பார்த்துத் தனியாக ஒரு முகவரி கொடுக்கும். அவள் தன்னுடையதற்குக் “குட்டி” என்று பேர் வைத்தாள்.

“வெளி மெஷின் பாட்டுக்கு இருக்கும், குட்டி தனியா நெட்டுக்குப் போயிட்டு வரும். புரியுதாங்க?” என்று ஒருநாள் அவள் அவருக்கு விளக்கினாள். கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

“தெரியும், தெரியும்” என்றார் ஒயர்காரர். அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “எனக்கும் காட்டு” என்று கேட்டிருக்கலாம். அவள் சந்தோஷமாகக் காட்டியிருப்பாள். ஆனால் போன மாதம்வரை இவரிடம் திட்டு வாங்கியவளிடம் போய்ப் பாடம் கேட்பதா? வறட்டுக் கௌரவம் விடுமா?

ஒரு மத்தியானம், அவள் வேலைக்குப் போயிருந்தபோது, குட்டி இருந்த ஃபோல்டரை அப்படியே பென்டிரைவில் எடுத்துப் பின்னறையிலிருந்த தன் பழைய கம்ப்யூட்டரில் போட்டார். முதல்முறை திறக்கும்போது மெஷின் ஒரு கேள்வி கேட்டது. இந்தக் குட்டி வேறு இடத்திலிருந்து வந்திருக்கிறது, இதை நகர்த்திக் கொண்டுவந்தீர்களா, நகலெடுத்தீர்களா என்று இரண்டு பொத்தான். ஒயர்காரர் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. வீட்டில் யாரும் இல்லை. இருந்தாலும், பரீட்சையில் பக்கத்துப் பேப்பரை எட்டிப் பார்த்த பையனை எழுப்பி நிறுத்திக் கேட்டதுபோல் இருந்தது அவருக்கு. “நகர்த்தினேன்” என்பதை அமுக்கினார். மெஷின் நம்பிவிட்டது. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை.

ஆறு வாரம் அப்படிப் படித்தார். அவள் பஸ் ஏறியதும் திறப்பார், ஐந்தரைக்கு அவள் வருவதற்குள் மூடிவிடுவார். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், அந்த ஆறு வாரமும் அவர் சந்தோஷமாகவே இருந்தார். அவளுக்கு வேலை கிடைத்த பிறகு ஒருநாள் நைசாக, “நானும் கத்துக்கிட்டேன்” என்று சொல்லி அசத்தவேண்டும் என்றுகூட நினைத்திருந்தார்.

பரீட்சை சனிக்கிழமை காலை பத்து முதல் பன்னிரண்டு வரை. வீட்டிலிருந்தே எழுதலாம். ஆஸ்பத்திரி சர்வரோடு குட்டி இணைந்தே இருக்கவேண்டும், எட்டு வேலை கொடுப்பார்கள், ஒவ்வொன்றையும் குட்டிக்குள் செய்துகாட்ட வேண்டும். நடுவில் இணைப்பு அறுந்தால் செய்துகொண்டிருக்கும் வேலை கணக்கில் வராது. அவள் ஒன்பது மணிக்கே குளித்து, வேலைக்குப் போகிற உடையை உடுத்திக்கொண்டு முன்னறை மேஜையில் உட்கார்ந்துவிட்டாள். ஒயர்காரர் பின்னாலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“நீங்க நின்னா எனக்குக் கை ஓடாது. உள்ள போய் உக்காருங்க” என்றாள் சிரித்துக்கொண்டே.

போனார். சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன குறைந்தா போயிருக்கும்? மாதிரி வினாத்தாளில் இருந்த எட்டு வேலையையும் தன்னால் ஒன்றரை மணி நேரத்தில் முடிக்கமுடியுமா பார்ப்போம் என்று ஒரு ஆசை. பத்து இருபதுக்குத் தன் நகலைத் திறந்தார்.

பத்து இருபத்தைந்துக்கு முன்னறையிலிருந்து குரல் வந்தது. “என்னங்க! நெட் போயிடுச்சு!”

ஓடினார். குட்டியிலிருந்து சர்வரைக் கூப்பிட்டுப் பார்த்தார். இருக்கிறாயா என்று கேட்டால் இருக்கிறேன் என்று பதில் வரவேண்டும். நாலு கேள்விக்குப் பதில் வந்தது. அடுத்த மூன்றுக்குச் சத்தமில்லை. பிறகு மறுபடி வந்தது. கேபிளைப் பிடுங்கிச் செருகினார். வந்தது, போனது. வேறு கேபிள் எடுக்கப் பின்னறைக்குப் போனபோது அவருடைய திரையிலும் இணைப்பு அறுந்து அறுந்து வருவதைப் பார்த்தார். அப்படியானால் வீட்டுக்கு வருகிற லைனே கோளாறு என்று அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிவிட்டார்.

“லைன்தான் சரியில்ல” என்று கேபிளை மாற்றிக்கொண்டே சொன்னார்.

“வெளி மெஷின்ல நெட் நல்லா வருதே. குட்டிக்கு மட்டும்தாங்க போகுது.” அவள் பேச்சு தெளிவாக இருந்தது. “ஒரே முகவரியை ரெண்டு மெஷின் வச்சிருந்தா இப்படித்தான் விட்டு விட்டு வரும்னு படிச்சேன். நம்ம முகவரியை வேற ஏதாவது எடுத்துக்கிட்டிருக்குமோ?”

“இந்த வீட்ல உன் குட்டியைத் தவிர வேற எந்தக் குட்டி இருக்கு?” என்று கத்தினார் ஒயர்காரர்.

இருந்தது. இருபதடி தள்ளிப் பின்னறையில் ஓடிக்கொண்டிருந்தது. அது இருப்பது அவருக்குத் தெரியும், அதுதான் காரணம் என்பது மட்டும் தெரியாது. தனக்கென்று வேறு முகவரி வாங்கியிருக்கும் என்றுதான் நினைத்தார். ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தை அவர் சொன்னது கோளாறைத் தேடுவதற்காக அல்ல, ஒளித்து வைத்ததை ஒளித்தபடியே வைப்பதற்காக.

“அப்போ இணைப்பு வகையை மாத்திப் பாக்கட்டுமா? வெளி மெஷின் முகவரியிலேயே போற மாதிரி?”

“எதுலயும் கை வைக்காதே. உனக்கு ஒண்ணும் தெரியாது. இருக்கறதையும் கெடுத்துடுவே.”

அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்குத் திரை தானாக மூடிக்கொண்டது. எட்டில் இரண்டு வேலைதான் முடிந்திருந்தது.

தோல்வி என்று அன்றே தகவல் வந்தது. கூடவே ஒரு படிவம். இணைப்புக் கோளாறால் தடைப்பட்டிருந்தால், என்ன கோளாறு என்று ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் மறுபடி ஒரு பரீட்சை வைப்பார்கள். அவள் அதை அச்செடுத்துப் பேர், வேலை எல்லாம் நிரப்பி மேஜையில் வைத்தாள். காரணம் என்ற கட்டம் மட்டும் காலி.

“என்னன்னு எழுதட்டும்ங்க?”

“பாத்துச் சொல்றேன்.”

பார்த்தார். ரூட்டரை மாற்றினார். நெட் கம்பெனிக்குப் போன் போட்டு, எடுத்த பெண்ணைக் காய்ச்சு காய்ச்சென்று காய்ச்சினார். சுவரோரக் கேபிளை மீட்டர் வைத்து அடி அடியாகச் சோதித்தார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவர் கதைதான். அவருடைய நகல் மூடிக் கிடந்ததால் அந்த நாட்களில் ஒருமுறைகூட இணைப்பு அறவில்லை. அவளிடம், “இப்போ நல்லாத்தான் இருக்கு. அன்னைக்கு உன் கை பட்டு ஏதோ ஆயிருக்கும்” என்றார். அவளும் அதை யோசித்துப் பார்த்தாள், பாவம். தான் எங்கே கை வைத்தோம் என்று ஒரு தாளில் எழுதியெல்லாம் பார்த்தாள்.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை மத்தியானம். சோதனைக்காக முன்னறையில் குட்டியை ஓடவிட்டிருந்தார். மனசு கேட்காமல் பின்னறையில் நகலையும் திறந்தார். முன்னறைக்குத் திரும்பி வந்தால், நாலு பதில், மூன்று மௌனம். ஒரு தாளை எடுத்துக் குட்டியின் அடையாள எண்ணை எழுதினார். பன்னிரண்டு எழுத்து. பின்னறைக்குப் போய் நகலின் எண்ணோடு விரலை வைத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். பன்னிரண்டும் ஒன்று. நகலெடுத்தேன் என்று சொல்லியிருந்தால் மெஷின் அதற்குப் புது எண் கொடுத்திருக்கும். நகர்த்தினேன் என்றதால், பழைய ஆளேதான் வீடு மாறி வந்திருக்கிறான் என்று பழைய எண்ணையே விட்டுவைத்தது. ஒரே எண்ணைப் பார்த்த ரூட்டர் இரண்டுக்கும் ஒரே முகவரியைக் கொடுத்தது. ஒன்றுக்கு வந்த பதிலை மற்றது பிடுங்கிக்கொண்டது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது.

சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். அதில் சந்தேகமே இல்லை. இன்னும் ஒருநாள் இருக்கிறது. என்ன சொல்லவேண்டும் என்று கூடத்தில் நடந்து நடந்து வாக்கியமாகவே கோத்து வைத்துக்கொண்டார். அவள் ஐந்தரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றினாள். மணிக்கட்டை வெந்நீரில் வைக்கக்கூடப் போகவில்லை. நேராக மேஜைக்கு வந்து படிவத்தை எடுத்தாள்.

“விடுங்க. நீங்களும் ஒரு வாரமா இதே வேலையா அலையறீங்க. உங்களுக்கே ஒண்ணும் கிடைக்கலன்னா தப்பு என்மேலதான். எனக்கு இது வராது போலிருக்கு.”

இரண்டாகக் கிழித்தாள். ஆறு வாரத் திருட்டு, அன்றைய கத்தல், இந்த ஒரு வாரமாக அவள்மேல் போட்ட பழி எல்லாவற்றையும் சொல்லத்தான் ஒயர்காரர் வாயைத் திறந்தார். கடைசியில் அதிலிருந்து வெளியே வந்தது இதுதான்: “டீ போடட்டுமா?”

கெடு முடிய மறுநாளும் இருந்தது. வேறு படிவம் அச்செடுக்க இரண்டு நிமிஷம் ஆகாது. அந்தச் சனிக்கிழமை முழுக்க அவர் வீட்டிலேயேதான் இருந்தார், அவளும் இருந்தாள். அவர் செய்தது, பின்னறைக்குப் போய் நகலை அழித்தது மட்டும்தான். நிச்சயமாக அழிக்கவா என்று மெஷின் கேட்டது. ஆம் என்றார்.

பதினோரு வருஷம் ஓடியது. அந்த இடம் வேறொருவருக்குப் போனது. ஒயர்காரருக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. அங்கே கேட்டதெல்லாம் விர்ச்சுவல் மெஷின் பற்றித்தான். பின்னறையில் ஆறு வாரம் படித்தது சோறு போட்டது. “அவர் தலைக்கு எல்லாம் ஏறும், எனக்குத்தான் ஏறலை” என்று அவள் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்வாள். அதைக் கேட்கும்போதெல்லாம் ஒயர்காரர் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவார்.

அவருடைய கோபம் போன இடம் தெரியவில்லை. காலையில் அவள் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை வருவார். சாயங்காலம் வெந்நீர் தயாராக இருக்கும். “அத்தான் ரொம்ப நல்லவரா மாறிட்டாரேக்கா, டாக்டர்கிட்ட காட்டினியா?” என்று மச்சினி கேட்டாள். அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது மச்சினிக்கும் தெரிந்த பழமொழிதான், ஆனால் இங்கே பொருத்திப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுக்கு அந்த வேலை கிடைக்காமல் போனதைக்கூட அவர் ஒருமாதிரி தாங்கிக்கொண்டார். தாங்கமுடியாதது வேறு. கவுன்டர் கம்ப்யூட்டர் நின்றால் அவளும் இப்போது மற்றவர்களைப்போலவே, “ஓடலைங்க, வந்து பாருங்க” என்று போன் செய்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள் என்று அவளே ஒருநாள் சாதாரணமாகச் சொன்னாள். அன்று அவர் சாப்பிடவில்லை.

போன மாதம் அவள் ஓய்வு பெற்றாள். அடுத்த வாரமே மச்சினி ஒரு லேப்டாப்போடு வந்து நின்றாள். அவளுடைய துணிக்கடையின் பழைய பில்லிங் புரோகிராம் புது லேப்டாப்பில் ஓடாதாம். யாரோ அதற்காக உள்ளே ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். கடைச் செய்தியெல்லாம் அதற்குள்தான் வரும். அதில் இரண்டு நாளாக நெட் வரவில்லை. “சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன் அத்தான்” என்று வைத்துவிட்டுப் போனாள்.

ஒயர்காரர் அதை முன்னறை மேஜையில் வைத்து அரை மணி நேரம் குடைந்தார். வரவில்லை. பக்கத்தில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீ கொஞ்சம் வந்து பாரேன்.”

“எனக்கு அதெல்லாம் வராதுங்க. ஒருதடவை எழுதித்தான் பாத்தாச்சே.”

எத்தனையோ தடவை கேட்ட பேச்சு. அன்று என்னவோ அவரால் எழுந்து போகமுடியவில்லை.

“வராதுன்னு சொல்லாதே. அன்னைக்கு உன்மேல தப்பு இல்ல. பின்னறையில இன்னொண்ணு ஓடிக்கிட்டிருந்துச்சு. உன் குட்டியை எடுத்து என் மெஷின்ல போட்டு வச்சிருந்தேன். உனக்குத் தெரியாம படிச்சுக்கிட்டிருந்தேன்.”

கத்தி நின்றது. அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு, கவுன்டரில் பேரு, வயசு கேட்கிற அதே குரலில் கேட்டாள். “முதல்ல திறக்கும்போது ஒரு கேள்வி கேட்டிருக்குமே. எதை அமுக்கினீங்க?”

“நகர்த்தினேன்னு.”

“அப்போ ரெண்டுக்கும் ஒரே அடையாள எண். ரூட்டர் ஒரே முகவரியைத்தான் குடுத்திருக்கும். எனக்கு வர்ற பதில் உங்களுக்கு வந்திருக்கும்.”

அவருக்கு ஆறு நாள் ஆனது. அவளுக்குப் பதினோரு வருஷம் கழித்து, கையில் ஒரு பீன்ஸோடு, அரை நிமிஷம்.

“நான் அன்னைக்கே கேட்டேன்” என்றாள்.

“கேட்டே.”

“உங்களுக்கு எப்போ தெரிஞ்சுச்சு?”

இங்கேயும் ஒரு பொய்க்கு இடம் இருந்தது. ஒயர்காரர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. “நீ ஃபாரத்தைக் கிழிச்சியே, அன்னைக்கு மத்தியானம்.”

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தட்டும் என்று ஏங்கினார் என்றே சொல்லலாம். அவள் கத்தவில்லை. பீன்ஸைத் தட்டில் வைத்தாள்.

“அப்போ எனக்கு இது வந்திருக்கு” என்றாள். அதைத் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து லேப்டாப்பின் பக்கத்தில் நின்றாள். அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். அவள் உட்கார்ந்து, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “நீங்க வெளிய இருங்க. கதவைச் சாத்திட்டுப் போங்க” என்றாள்.

கூடத்தில் தான் இழுத்த கேபிளுக்குப் பக்கத்தில் சுவரில் சாய்ந்தபடி ஒயர்காரர் நின்றார். உள்ளே கீபோர்டு தட்டும் சத்தம், கொஞ்ச நேரம் அமைதி, மறுபடி தட்டும் சத்தம். கால் மணி நேரம் ஆகியிருக்கும். இரண்டு நாளாகத் தேங்கிக் கிடந்த கடைச் செய்திகள் டிங், டிங் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. அவள் அவரைக் கூப்பிடுவாள் என்று நின்றுகொண்டே இருந்தார். அவள் கூப்பிடவில்லை.